ஜிக்சாவுக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

ம. எழுதியது:
வணக்கம். பழைய கோர விபத்துப் படங்களை ஆயிரம் துண்டுகளாக வெட்டி அடைத்த நான்கு ஜிக்சா பெட்டிகள் (துண்டுகளைச் சேர்த்து முழுப் படமாக்கும் விளையாட்டு) என் மேசையில் இருக்கின்றன. 1895இல் பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையச் சுவரை உடைத்துத் தெருவில் தலைகுப்புற விழுந்த ரயில். 1906 நிலநடுக்கத்துக்குப் பின், பட்டங்களில் கேமராவைக் கட்டிப் பறக்கவிட்டு எடுத்த சான்பிரான்சிஸ்கோ. 1937இல் எரிந்த ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல். 1940இல் காற்றில் முறுக்கிக்கொண்டு விழுந்த டகோமா பாலம். தொடரின் பெயர் ‘பேரிடர்’ வரிசை. மூடி வாசகங்களைத் தமிழாக்க வேண்டும். ‘ஜிக்சா’ என்று அப்படியே எழுதக் கூடாதாம். உதவுங்கள்.

செ. எழுதியது:
தம்பி, ஆங்கிலத்தில் ‘சா’ என்றால் ரம்பம், பெயரிலேயே இருக்கிறதே! 1760களில் லண்டனில் ஸ்பில்ஸ்பரி என்பவர் நிலப்படங்களைப் பலகையில் ஒட்டி, நாட்டெல்லை வழியே அறுத்துப் பிள்ளைகள் பூகோளம் படிக்கக் கொடுத்தார். அறுப்பதற்கு நம்மிடம் ஈர்வாள் உண்டு. ஈர்தல் என்றால் அறுத்தல். ஈர்வாள் + புதிர் = ஈர்வாட்புதிர். முடிந்தது.

கு. எழுதியது:
ஐயா, ஈர்வாட் என்றதும் இரண்டு வாட் பல்பு என்று படித்துவிட்டேன். தவிர, ஸ்பில்ஸ்பரி காலத்தில் ஜிக்சா என்ற பெயரே கிடையாது, வெட்டிய நிலப்படம் என்றுதான் சொன்னார்கள். இன்றைய அட்டையை எஃகு அச்சில் ஒரே அழுத்தாக அழுத்தி வெட்டுகிறார்கள். ரம்பம் கிட்டவே வருவதில்லை.

செ. எழுதியது:
வருமொழி உயிரில் தொடங்கினால்தான் ‘ஈர்’. வகரம் வந்தால் ‘இரு’. உங்கள் பல்பு இருவாட் பல்பு. நகைச்சுவைக்கும் இலக்கணம் வேண்டும்.

இ. எழுதியது:
ரம்பம் இருக்கட்டும். இது புதிரா என்பதே எனக்குச் சந்தேகம். விடுகதைக்கு விடை தெரியாது, தேடுகிறோம். இங்கே விடையை மூடியிலேயே அச்சடித்து விற்கிறார்கள்! ‘மூட்டுப்படம்’ என்றால் என்ன? மூட்டுவது இணைப்பதுதானே.

கு. எழுதியது:
அம்மா, தீயையும் மூட்டத்தான் செய்கிறோம். பற்றி எரியும் ஹிண்டன்பர்க்கின் தலைக்கு மேல் ‘மூட்டுப்படம்’ என்று போட்டால் 36 பேர் இறந்ததைக் கேலி செய்வதுபோல் ஆகிவிடாதா?

இ. எழுதியது:
ஐயோ, ஆமாம். விட்டுவிடுங்கள்.

ம. எழுதியது:
நேற்று அந்தப் பெட்டியைத்தான் பிரித்தேன். வானம் முழுக்கக் கறுப்பு, தீ முழுக்க வெள்ளை. சாம்பல் நிறத் துண்டு ஒன்று எங்கே வைத்தாலும் உட்காரவில்லை. தலைகீழாகத் திருப்பியதும் ‘டக்’கென்று விழுந்தது. அப்போதுதான் ‘பொருந்துபடம்’ தோன்றியது.

செ. எழுதியது:
தானாகப் பொருந்தினால் நீங்கள் ஏன் கண் விழித்தீர்கள்? பொருந்து தன்வினை, பொருத்து பிறவினை. ‘பொருத்துபடம்’ என்று சொல்லுங்கள். பொருத்திய, பொருத்துகின்ற, பொருத்தும் படம். வினைத்தொகை, ஆகவே நடுவில் ‘ப்’ வராது. (என் வாக்கு இன்னும் ஈர்வாட்புதிருக்கே.)

கு. எழுதியது:
இதுவரை வந்தவற்றில் இதுதான் வாயில் நிற்கிறது. வாசகர் கண்டதும் புரிந்துகொள்வாரா என்பது வேறு கேள்வி. ‘படப்புதிர்’ என்றால் சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

இ. எழுதியது:
அடுத்த சொல்லையும் பாருங்கள். தொடரின் பெயர் ‘பேரிடர்’ வரிசை என்கிறீர்கள். எங்கள் பக்கம் அனர்த்தம் என்போம்.

செ. எழுதியது:
அர்த்தம் இல்லாதது அனர்த்தம். வடமொழி. வேண்டாம்.

இ. எழுதியது:
முதல் மடலில் ‘விபத்து’ என்று வந்ததே, அது மட்டும் எந்த மொழியாம்?

கு. எழுதியது:
பேரிடரும் எல்லாவற்றுக்கும் ஒட்டாது. டகோமாவில் மனிதர் யாரும் சாகவில்லை, காரில் மாட்டிக்கொண்ட நாய் ஒன்றுதான்.

இ. எழுதியது:
நாய்க்கு அது பேரிடர்தான். மோன்பர்னாஸிலும் ரயிலில் இருந்த எல்லாரும் பிழைத்தார்கள். இறந்தது கீழே தெருவில் நின்ற ஒரு பெண். ஆயிரம் துண்டையும் பொருத்தி முடித்தாலும் அந்தப் படத்தில் அவர் வரமாட்டார். இதற்கு என்ன சொல் வைப்பீர்கள்?

(இரண்டு நாள் யாரும் எழுதவில்லை.)

ம. எழுதியது:
வெள்ளி வந்துவிட்டது. பொருத்துபடத்துக்கு நான்கு பேர், படப்புதிருக்கு இரண்டு பேர், ஈர்வாட்புதிருக்கு ஐயா ஒருவர். தொடருக்குப் ‘பேரிடர்’ என்றே போட்டுவிட்டேன். இ. அம்மா மன்னிக்கவும். அனுப்பியாயிற்று, நன்றி.

ம. மீண்டும் எழுதியது:
மெய்ப்பு (அச்சுக்கு முன் பிழை பார்க்கும் படி) திரும்பி வந்தது. யாரோ ‘பொருத்துப்படம்’ என்று திருத்தியிருக்கிறார்கள். விட்டுவிடலாமா?

செ. எழுதியது:
கூடாது! ‘ப்’ வந்தால் பொருத்து பெயர்ச்சொல் ஆகிவிடும், உடம்பின் மூட்டு என்று பொருள். முழங்கால் எக்ஸ்ரே என்று நினைத்து வாங்குவார்கள். ஈர்வாட்புதிர் என்று வைத்திருந்தால் இந்த வம்பே இல்லை.

கு. எழுதியது:
அச்சுக்குப் போய்விட்டதா?

ம. எழுதியது:
மூன்று பெட்டி ‘ப்’போடு போய்விட்டது. ஹிண்டன்பர்க்கில் மட்டும் நிறுத்த முடிந்தது.