வீட்டில் கட்டிய டிராக் கார்: நான்காம் சுற்றில் இறங்கும் பிரேக் பெடல், வளைவில் மினுக்கும் ஆயில் விளக்கு

கேள்வி: சதுரக்குழாய்

அனைவருக்கும் வணக்கம். நானும் என் தம்பியும் இரண்டரை ஆண்டுகள் வார இறுதிகளில் உழைத்து ஒரு சிறிய இரண்டு இருக்கைக் காரைக் கட்டி முடித்திருக்கிறோம். 1957-இல் வந்த லோட்டஸ் செவன் என்ற சிறிய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் அமைப்பைப் பின்பற்றி, 25 மில்லிமீட்டர் சதுர இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து சேஸிஸை (காரின் அடிச்சட்டத்தை) உருவாக்கினோம். எஞ்சின், 1,300 சிசி மோட்டார் சைக்கிள் எஞ்சின். ஓட்டுநரோடு சேர்த்து மொத்த எடை 600 கிலோ. பிரேக், ஹப், ஸ்டியரிங் ஆகியவற்றை 1,000 கிலோ எடையுள்ள ஒரு பழைய சாலைக் காரிலிருந்து எடுத்துப் பொருத்தினோம்.

சென்ற வாரம் முதன்முறையாக டிராக்கில் ஓட்டினேன். மூன்று சுற்றுகள் வரை எந்தக் குறையும் இல்லை. நான்காவது சுற்றில் நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் பிரேக்கை மிதித்தபோது பெடல் பஞ்சைப் போல அமுங்கி முக்கால்வாசி தூரம் இறங்கிவிட்டது. இரண்டு முறை விட்டு விட்டு மிதித்த பிறகே பிரேக் பிடித்தது. உடனே காரை உள்ளே கொண்டுவந்துவிட்டேன். எங்கும் கசிவு இல்லை. அரை மணி நேரம் ஆறிய பிறகு பெடல் பழையபடி கெட்டியாக நின்றது. அதே சுற்றுகளில், நீண்ட வலப்பக்க வளைவின் நடுவே ஆயில் அழுத்த விளக்கு ஒரு நொடிக்கும் குறைவாக மினுக்கியதையும் கவனித்தேன்.

வீட்டுக்கு வந்து காரைக் கழுவும்போது மூன்றாவது கவலை சேர்ந்துகொண்டது. முன் இடது சக்கரத்தைத் தாங்கும் V வடிவக் கையான கீழ் விஷ்போனைச் சேஸிஸோடு இணைக்கும் பிராக்கெட்டின் வெல்டிங் ஓரமாக, பெயின்டில் மயிரிழை போல ஒரு கோடு தெரிகிறது. நகத்தால் வருடினால் தட்டுப்படவில்லை. பெயின்ட் மட்டும் விட்டிருக்கிறதா, இரும்பே விரிந்திருக்கிறதா என்று எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிரேக் ஆயில் சாதாரண டாட் 4 தரம். ஊற்றி ஒன்றரை ஆண்டு ஆகிறது. இவ்வளவு குறைந்த எடைக்கு அந்தக் காரின் பிரேக் தாராளம் என்றுதான் எண்ணியிருந்தோம். எங்கே தவறினோம்? ஒவ்வொரு டிராக் நாளுக்குப் பிறகும் எவற்றையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: நான்காம் கியர்

பிரேக்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்ற இரண்டுக்கும் என்னைவிட அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

சூட்டினால் பிரேக் கைவிடுவதில் இரண்டு வகை உண்டு. பெடல் கல்லைப் போல் கெட்டியாக இருந்தும் கார் நிற்க மறுத்தால், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைப் பிடிக்கும் பேட் (உராய்வுக் கட்டை) தன் வெப்ப எல்லையைத் தாண்டி உராய்வை இழந்துவிட்டது என்று பொருள். உங்களுக்கு நேர்ந்ததுபோல் பெடல் அமுங்கி இறங்கினால், பேட்டை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவிக் குமிழிகள் உருவாகிவிட்டன என்று பொருள். ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்க முடியும். அதனால் கால் கொடுத்த அழுத்தம் குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. ஆறியதும் அந்த ஆவி மீண்டும் திரவமாகிவிடுவதால் பெடலும் ஒன்றுமே நடவாததுபோல் திரும்பி வருகிறது. அதை நம்பி அப்படியே மறுபடி ஓட்டிவிடாதீர்கள்.

எடை குறைவு என்ற கணக்கு பாதிதான் சரி. மணிக்கு 180 கிலோமீட்டரிலிருந்து 72 கிலோமீட்டருக்கு இறங்கும்போது உங்கள் 600 கிலோ கார் ஏறத்தாழ 630 கிலோஜூல் ஆற்றலை விட்டாக வேண்டும். அந்தப் பழைய 1,000 கிலோ கார், சாலையில் 72-லிருந்து முழுவதுமாக நிற்கும்போது விடுவது 200 கிலோஜூல்தான். நேர்ப்பாதையில் காற்றின் தடை கொஞ்சம் எடுத்துக்கொள்ளும் என்றாலும் பெரும்பகுதி டிஸ்க்கில்தான் சூடாக இறங்குகிறது. அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 தரத்தின்படி புதிய ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய ஆயிலுக்கோ அந்த எல்லை வெறும் 155 டிகிரி. ஒன்றரை ஆண்டு ஆன ஆயில் இவ்விரண்டுக்கும் இடையில் எங்கோ இறங்கியிருக்கும். டாட் 5.1 எடுத்தால் புதிதில் 260, ஈரம் ஏறினால் 180. பெயர் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதே என்று டாட் 5 வாங்கிவிட வேண்டாம். அது சிலிக்கான் வகை, மற்றவற்றோடு கலக்கக் கூடாது. டிராக்கில் ஓடும் காருக்குப் பருவம் தொடங்கும்போது ஒருமுறை முழுவதுமாக ஆயில் மாற்றுங்கள். ஒருமுறை கொதித்துவிட்டால் உடனே மாற்றுங்கள்.

ஆனால் மூன்றே சுற்றில் கொதித்தது எனக்கு உறுத்துகிறது. ஆயிலைக் குறை சொல்லி நிறுத்திவிடுவதற்கு முன்னால், நாமே பெடல் பெட்டி கட்டிய கார்களில் வரும் ஒரு குறையைப் பார்த்துவிடுங்கள். பெடலிலிருந்து, ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டருக்குப் போகும் தள்ளுகம்பிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் சும்மா அசையும் இடைவெளி இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், பெடலில் கால் வைக்காதபோதும் பிஸ்டன் முழுவதுமாகப் பின்வாங்காமல், ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளையை மூடியே வைத்திருக்கும். சூட்டில் விரியும் ஆயில் போக வழியின்றிப் பேட்டை டிஸ்க்கின் மேல் அழுத்தும். அந்த உரசலால் இன்னும் சூடேறும். என் முதல் காரில் இதே குறையோடு ஒரு பருவம் முழுவதும் ஓட்டிவிட்டு, பேட் தரமில்லை என்று மூன்று செட் மாற்றினேன்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. நாலைந்து முறை பலமாகப் பிரேக் பிடித்து ஓட்டிவிட்டு, சூட்டோடு முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால், மாஸ்டர் சிலிண்டரைச் சுவரோடு பிடித்திருக்கும் இரண்டு நட்டுகளை இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குத் தளர்த்துங்கள். சக்கரம் விடுபட்டால் குற்றம் தள்ளுகம்பியில். விடுபடாவிட்டால் காலிப்பரிலிருந்து ஆயிலை வெளியே விடும் பிளீடர் திருகைத் திறந்து பாருங்கள். அப்போது விடுபட்டால் குழாயில் அடைப்பு, அப்போதும் விடுபடாவிட்டால் காலிப்பர் பிஸ்டனே சிக்கியிருக்கிறது.

பதில்: பிஸ்டன் வளையம்

சதுரக்குழாய் அவர்களே, விளக்கு மினுக்கியதைச் சிறிய விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலான அழுத்த ஸ்விட்சுகள், அழுத்தம் அரை பார் (வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ பாதி) அளவுக்குக் கீழே விழுந்த பிறகுதான் விளக்கை எரிய விடும். அதிக சுழற்சியில் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் விளக்கு ஒரு கணம் எரிந்தாலும், அதற்கு முன்பே எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கைத் தாங்கும் பேரிங்குகள் ஆயில் படலமின்றி உரசத் தொடங்கியிருக்கலாம்.

காரணம், அந்த எஞ்சின் எதற்காக வடிவமைக்கப்பட்டது என்பதில் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் வளைவில் சாய்கிறது. அது சாயும் கோணமும் பக்கவாட்டு விசையும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால், எஞ்சினைப் பொறுத்தவரை ஆயில் எப்போதும் அது தேங்கும் அடித்தொட்டியான சம்ப்பின் அடியிலேயே தங்குகிறது. அதே எஞ்சினைச் சாயாத காரில் வைத்து, ஈர்ப்பு விசைக்கு நிகரான பக்கவாட்டு விசையில் வளைத்தால், ஆயிலின் மேல்மட்டம் 45 டிகிரி சாய்ந்து ஒரு சுவரில் ஏறி நிற்கும். ஆயில் பம்ப்பின் உறிஞ்சுகுழாய் காற்றை இழுக்கும். உங்கள் டிராக்கில் அந்த வலப்பக்க வளைவு நீளமானது என்பதால் அங்கே முதலில் தெரிந்திருக்கிறது.

தீர்வுகளில் முதலாவது, உறிஞ்சுகுழாயைச் சுற்றி ஒருவழிக் கதவுகளோடு தடுப்புத் தகடுகள் வைத்த சம்ப். அடுத்தது, அழுத்தத்தோடு ஆயிலைச் சேமித்து வைத்து, அழுத்தம் குறையும்போது திருப்பித் தரும் ஒரு தனி உருளை. முழுமையான தீர்வு டிரை சம்ப், அதாவது ஆயிலை எஞ்சினுக்கு வெளியே தனித் தொட்டியில் வைத்துப் பம்ப்பால் கொடுக்கும் அமைப்பு. ஆனால் அதற்கு இடமும் வேலையும் அதிகம். முதல் இரண்டையும் சேர்த்துச் செய்தாலே வழுவழுப்பான ரேஸ் டயர் போடாத காருக்குப் பெரும்பாலும் போதும் என்பது என் அனுபவம். ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றிச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கிராங்க் அதில் அடித்து நுரையாக்கிவிட்டால் பம்ப்பு நுரையைத்தான் இழுக்கும்.

எதைச் செய்தாலும், அதற்கு முன் ஆயில் ஃபில்டரைக் கழற்றி அதன் கூட்டை வெட்டித் திறந்து, மடிப்புக் காகிதத்தை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். மிக நுண்ணிய சாம்பல் பொடி புதிய எஞ்சினில் இயல்பு. மினுமினுக்கும் செதில்களோ, செம்பு நிறத் துகள்களோ தெரிந்தால் பேரிங்கின் மேல்பூச்சு தேய்ந்து உள்ளடுக்கு வெளிவந்துவிட்டது; எஞ்சினைத் திறக்காமல் மேற்கொண்டு ஓட்ட வேண்டாம்.

பதில்: பழைய வெல்டர்

தம்பி, நகத்தில் தட்டுப்படாததால் விரிசல் இல்லை என்று ஆகாது. வெல்டிங்கின் கரையோரம், சூடு பட்ட இரும்பில்தான் களைப்பு விரிசல் (விசை மீண்டும் மீண்டும் ஏறி இறங்குவதால் வருவது) பிறக்கும். தொடக்கத்தில் அது தலைமுடியைவிட மெல்லியது.

பெயின்டை ரசாயன நீக்கியால் எடுங்கள். கிரைண்டர் வைக்காதீர்கள், உலோகம் இழுபட்டு விரிசலின் வாயை மூடிவிடும். பிறகு சாய ஊடுருவல் சோதனைக்கான சிவப்புச் சாயத்தைத் தெளித்து, டப்பாவில் குறித்த நேரம் ஊற விடுங்கள். மேலே படிந்ததைத் துணியால் துடைத்துவிட்டு வெள்ளை டெவலப்பரைத் தெளித்தால், விரிசலுக்குள் இறங்கிய சாயம் ஊறி வெளிவந்து வெள்ளையின் மேல் சிவப்புக் கோடாக நிற்கும்.

விரிசல் இருந்தால், அதன் மேலேயே மறுபடி வெல்டிங் ஓட்டிவிட்டுப் போகக் கூடாது. ஏன் விரிந்தது என்று தெரியாமல் ஒட்டினால், அடுத்த விரிசல் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே வரும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை மேலெல்லையிலிருந்து கீழெல்லை வரை கையால் ஏற்றி இறக்கிப் பாருங்கள். எங்காவது விஷ்போன் முனையிலுள்ள ராட் எண்ட் என்ற உருண்டை மூட்டின் உருண்டை தன் கோண எல்லையை முட்டி நிற்கிறதா? முட்டினால், அதற்கப்புறம் அசைய வேண்டிய மூட்டு அசையாமல் பிராக்கெட்டை நெம்பிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் அந்த நெம்பல் நடக்கும். போல்ட்டை ஒரு பக்கம் மட்டும் தாங்கும் பிராக்கெட்டாக இருந்தால், இரண்டு பக்கமும் காது வைத்துத் தாங்கும்படி மாற்றுங்கள்.

ஒவ்வொரு டிராக் நாளுக்குப் பிறகும் என்ன பார்ப்பது என்று கேட்டீர்கள். நான் செய்வதைச் சொல்கிறேன். முறுக்கு அளவு வைத்து இறுக்கிய ஒவ்வொரு நட்டிலும், நட்டையும் போல்ட்டையும் அடித்தளத்தையும் சேர்த்து மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிடுவேன். கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. டார்ச் அடித்தாலே தெரிந்துவிடும். சக்கர நட்டுகளை மட்டும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் டார்க் ரெஞ்ச்சால் சரிபார்ப்பேன். நைலான் வளையம் வைத்த நட்டுகளை எக்ஸாஸ்ட் அருகிலோ பிரேக் அருகிலோ போடாதீர்கள். ஏறத்தாழ 120 டிகிரிக்கு மேல் நைலான் பிடியை இழந்துவிடும், அங்கே முழு உலோகப் பூட்டு நட்டுதான் வேண்டும். சேஸிஸுக்கு வெளிர் சாம்பல் பெயின்ட் அடியுங்கள். கருப்பில் விரிசல் ஒளிந்துகொள்ளும். உங்களுடையது தெரிந்தது நல்வாய்ப்பு.

ரோல் ஹூப் (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளையம்) பற்றி ஒரு வரியும் எழுதவில்லையே? சேஸிஸுக்கு வாங்கிய சதுரக் குழாயில் மிஞ்சியதை வளைத்து அதைச் செய்திருந்தால் தயவுசெய்து கழற்றிவிடுங்கள். உலகக் கார்ப் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.-வின் விதி முதன்மை வளையத்துக்குக் கேட்பது, குளிர்முறையில் இழுத்த தையலற்ற வட்ட எஃகுக் குழாய். அளவு 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் கனமும், அல்லது 50-க்கு 2.0.

சதுரக்குழாய்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இந்த வாரம் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தோம். சூட்டோடு தூக்கிப் பார்த்தபோது இரண்டு முன்சக்கரங்களும் கையால் அரைச்சுற்றுகூடச் சுற்றவில்லை. மாஸ்டர் சிலிண்டர் நட்டுகளைத் தளர்த்தியதும் தம்பியின் கையிலேயே தானாகச் சுற்றின. தள்ளுகம்பியைக் குறைத்து ஒரு மில்லிமீட்டர் இடைவெளி வைத்து, ஆயிலையும் டாட் 5.1-ஆக மாற்றிவிட்டோம்.

ஃபில்டர் காகிதத்தில் சாம்பல் பொடியைத் தவிர எதுவும் இல்லை. தடுப்புத் தகட்டுச் சம்ப் பொருத்தும் வரை கார் வெளியே போகாது.

பிராக்கெட்டில் சிவப்புக் கோடு வந்தது. 11 மில்லிமீட்டர் நீளம். ஐயா சொன்னபடியே, சக்கரம் முழுவதும் தொங்கும் நிலையில் ராட் எண்ட் முட்டுகிறது. பழையதை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு காது வைத்த புதிய பிராக்கெட்டைக் கோணம் திருத்தி வைக்கப் போகிறோம். மற்ற மூன்று மூலைகளுக்கும் சாயச் சோதனை செய்தோம். வலப்பக்கத்தில் அதே இடத்தில் 4 மில்லிமீட்டர் கோடு. ரோல் ஹூப் 45-க்கு 2.5 வட்டக் குழாய்தான், ஐயா.

நான்காம் கியர்

நல்ல செய்தி. அடுத்த முறை போவதற்கு முன் டிஸ்க்குகளின் ஓரத்தில் வெப்பம் காட்டும் பெயின்டைத் தடவிக்கொள்ளுங்கள். மூன்று சுற்று ஓட்டி, ஒரு சுற்று பிரேக் தொடாமல் ஆறவிட்டு உள்ளே வாருங்கள். நிறுத்தியதும் கைப்பிரேக் இழுக்க வேண்டாம், சூடான டிஸ்க்கில் பேட் அழுந்தி நிற்கும், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். இடதும் வலதும் காட்டும் வெப்பத்தைக் குறித்துக்கொண்டு இங்கே எழுதுங்கள். இப்போதும் அதிகமாக இருந்தால், காற்றுக்குழாய் வைப்பதா பேட்டை மாற்றுவதா என்று அந்த எண்களை வைத்துப் பேசலாம்.