கிளைஷ்ஷால்டுங்: "ஒருங்கிணைப்பு" போதுமா?

அன்புடையீர்,

ஹிட்லர் பதவிக்கு வந்த 1933-ஐப் பற்றி எழுதும்போது, நாட்டின் அமைப்புகளையெல்லாம் நாஜிகள் தம் பிடிக்குள் கொண்டுவந்ததைக் குறிக்கும் கிளைஷ்ஷால்டுங் என்ற ஜெர்மன் சொல்லை "ஒருங்கிணைப்பு" என்றே எழுதிவருகிறோம். ஆங்கிலத்தில் கோஆர்டினேஷன் என்று வைத்ததன் எதிரொலி. நம்மூரில் ஒருங்கிணைப்பாளர் என்றால் பந்தல்காரரையும் பேச்சாளரையும் நேரத்துக்கு வரவைப்பவர். அந்த நல்ல மனிதரை இதில் இழுக்க வேண்டாம்.

மூலச்சொல் மின்பொறியியல் வாடை கொண்டது. கிளைஷ் என்றால் ஒரே மாதிரி. ஷால்டன் என்றால் சுவிட்சு போடுதல். தனித்தனியே ஓடிய கருவிகளை ஒரே சுற்றுக்குள் கொண்டுவருவது. 1933 மார்ச் 31 சட்டத்தின் தலைப்பிலேயே இச்சொல் உண்டு. அச்சட்டம் மாநிலச் சட்டமன்றங்களைக் கலைத்தது. புதுத் தேர்தல் கிடையாது. மார்ச் 5 பொதுத்தேர்தலில் அந்தந்த மாநிலத்தில் விழுந்த வாக்குப்படி இடங்களைப் பிரித்தார்கள், கம்யூனிஸ்டுகளின் வாக்கைக் கழித்துவிட்டு. மிகப் பெரிய மாநிலமான பிரஷ்யாவுக்கு மட்டும் விலக்கு. அதன் சட்டமன்றத் தேர்தலும் அதே நாளில்தான் நடந்திருந்தது. ஏப்ரல் 7-இல் இரண்டாம் சட்டம்: மாநில அரசை அமர்த்தவும் நீக்கவும் அதிகாரமுள்ள ஆளுநர்கள்.

என் முன்மொழிவு: ஓராளியாக்கம். இலங்கைப் பாடநூல்களில் சுவிட்சுக்கு ஆளி. ஆள்பவன் என்ற சாயலும் ஒட்டிக்கொள்கிறது.

—

மறுமொழி:

ஐயா, சொல் அழகு. ஆனால் தமிழ்நாட்டில் ஆளி என்றால் நாட்டு மருந்துக்கடை ஆளிவிதை. மிஞ்சினால் கோயில் தூண் யாளி.

அதைவிடப் பெரிய குறை: "ஆக்கம்" மேலிருந்து செய்ததை மட்டும் காட்டும். பாதி வேலை கீழிருந்து நடந்தது. பாடகர் சங்கம், உடற்பயிற்சிக் கழகம் என ஊர்தோறும் இருந்த அமைப்புகள் உத்தரவுக்குக் காத்திராமல், நிர்வாகக் குழுவில் நாஜிகளை அமர்த்தி யூத உறுப்பினர்களை வெளியேற்றின. இதற்கு ஜெர்மனில் "தானே" என்ற பொருளில் ஒரு முன்னொட்டைச் சேர்க்கிறார்கள். நமக்குப் படு/படுத்து இருக்கவே இருக்கிறது. ஒருவிசைப்படுத்தல் அரசு செய்தது. ஒருவிசைப்படல் சங்கங்கள் தாமே செய்துகொண்டது. விசை என்றால் பொத்தானும்தான், வலுவும்தான்.

—

மறுமொழி:

படு/படுத்து வாதத்தை ஏற்கிறேன். ஆளியை விட்டுவிடுகிறேன், மனமில்லாமல்தான்.

எங்கே பயன்படுத்தக் கூடாது என்பதையும் பதிவில் சேர்க்க வேண்டும். வானொலியை 1932-லேயே, ஹிட்லருக்கு முன் ஆட்சித் தலைவராக இருந்த பாப்பனின் அரசு முழுமையாக அரசின்கீழ் கொண்டுவந்துவிட்டது. ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸுக்குச் சாவியை வாங்கும் வேலைதான். அதற்குக் "கைப்பற்றல்" என்ற சொல்லே போதும். 1933 மே 2-இல் தொழிற்சங்க அலுவலகங்களில் நாஜி ஆட்கள் புகுந்ததும் அப்படியே.

நாளிதழ்கள்தான் சரியான எடுத்துக்காட்டு. பல இதழ்களில் முதலாளி மாறவில்லை, பெயரும் மாறவில்லை. 1933 அக்டோபர் 4-இன் ஆசிரியர் சட்டம், இதழாசிரியரை முதலாளிக்குப் பதில் அரசுக்குப் பொறுப்பாக்கியது. பதிவேட்டில் பெயர் இல்லாதவர் எழுத முடியாது. எதைப் போடலாம், எதைத் தொடக்கூடாது என்று பெர்லினில் தினமும் செய்தியாளர்களைக் கூட்டிச் சொல்லிவிடுவார்கள். வெளியே நூறு விளக்கு, உள்ளே ஒரு விசை.

எழுத்துக்கூட்டல்: ஒருவிசைப்படுத்தல் என வல்லினம் மிகுத்து, ஒரே சொல்லாக. "ஒரு விசைப்படுத்தல்" என்று பிரித்தால் ஏதோ ஒன்று என்றாகிவிடும்.