தீவுப் பயணம் புக் செய்தாகிவிட்டது, இப்போது புயல் சீசன் என்கிறார்கள். அவசரம், உதவுங்கள்

மாலைத்தென்றல் (இழையைத் தொடங்கியவர்)
வணக்கம். குடும்பத்தோடு தீவுக்குப் போக டிக்கெட், ஹோட்டல் எல்லாம் போட்டாகிவிட்டது. இன்று அலுவலகத்தில் ஒருவர் "அது புயல் நேரமாச்சே" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து வேலையே ஓடவில்லை. இன்சூரன்ஸ் எடுத்தால் புயல் வந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா? இல்லை இப்போதே கேன்சல் செய்துவிடலாமா? நாளை மாலைக்குள் முடிவு செய்ய வேண்டும்.

பயணப்பை
எந்தத் தீவு? எந்த மாதம்? எத்தனை பேர்? டிக்கெட் ரீஃபண்ட் உள்ளதா இல்லாததா? இது தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது நண்பரே.

கடல்காகம்
அந்தமான் என்று வைத்துச் சொல்கிறேன். அங்கே புயலே வர வேண்டாம், கடல் கொஞ்சம் கொந்தளித்தாலே கப்பலை நிறுத்திவிடுவார்கள். கடைசி இரவை ஹேவ்லாக், நீல் போன்ற சிறு தீவுகளில் வைக்கவே வைக்காதீர்கள். விமானத்துக்கு முந்தைய நாளே, விமான நிலையம் உள்ள போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) வந்துவிட வேண்டும். நாங்கள் அப்படி வராமல் விமானத்தைத் தவறவிட்டோம்.

நங்கூரம்
ஒவ்வொரு மாதமும் இதே கேள்வி வருகிறது. பணம் கட்டிய பிறகு பருவநிலை பார்ப்பது சமைத்த பிறகு அரிசி கழுவுவது போல. உலகத்தில் எல்லாக் கடலுக்கும் ஒரே புயல் காலம் கிடையாது. வங்கக்கடலில் ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு சுற்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு சுற்று. அட்லாண்டிக்கில் ஜூன் முதல் நவம்பர் வரை. தென்மேற்கு இந்தியப் பெருங்கடலில் நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் கடைசி வரை. இந்த அடிப்படையைத் தெரிந்துகொண்டு டிக்கெட் போட்டிருக்க வேண்டும்.

சிற்றோடை
நங்கூரம் சார், தகவலுக்கு நன்றி. ஆனால் அவர் பயந்து போய் வந்திருக்கிறார், கொஞ்சம் மெதுவாகச் சொல்லலாம்.

மாலைத்தென்றல்
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். மொரிஷியஸ். அங்கே தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை, நம் ஆட்கள் காவடி எடுக்கிறார்கள் என்று கேட்டதிலிருந்து அம்மாவுக்கு ஆசை. அதனால் தேதியைத் தள்ள முடியாது. பூசத்துக்கு முந்தைய நாள் போய்ச் சேருகிறோம், ஏழு இரவு. நான், மனைவி, அம்மா, இரண்டு பிள்ளைகள். விமானம் ரீஃபண்ட் இல்லை. ஹோட்டல் தெரியவில்லை, பார்க்க வேண்டும்.

வெண்மணல்
நான் இரண்டு முறை போயிருக்கிறேன். பயமே வேண்டாம், மேற்குக் கரையில் தங்குங்கள். ஃப்ளிக் ஆன் ஃப்ளாக், லெ மோர்ன் பக்கம். தென்கிழக்கிலிருந்து வழக்கமாக வீசும் வியாபாரக் காற்றை நடுவிலுள்ள மலைகள் தடுத்துவிடும். மேற்கில் கடல் குளம் மாதிரி இருக்கும். கிழக்கில் புக் செய்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

பயணப்பை
வெண்மணல், சாதாரண நாளுக்கு நீங்கள் சொல்வது சரி. புயலுக்குப் பொருந்தாது. புயல் நகர நகரக் காற்றின் திசையும் மாறும். காலையில் மறைவாக இருந்த கரை மாலையில் நேராக அடி வாங்கும். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலின்போது தலைநகர் போர்ட் லூயிஸில் வெள்ளம் கார்களை இழுத்துக்கொண்டு போனது. போர்ட் லூயிஸ் இருப்பது வடமேற்குக் கரையில்தான். விமான நிலையத்தையும் மூடினார்கள்.

வெண்மணல்
அது நகரம், வடிகால் பிரச்சினை. நான் சொல்வது கடற்கரை விடுதி. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

பயணப்பை
குழப்பவில்லை. மழையைத்தான் சொல்கிறேன். 2013 மார்ச் 30 அன்று அதே போர்ட் லூயிஸில் திடீர் வெள்ளத்தில் 11 பேர் இறந்தார்கள். அன்று புயலே இல்லை. "மேற்கில் இருக்கிறோம்" என்ற தைரியத்தில் வயதான அம்மாவை அழைத்துக்கொண்டு மழையில் கார் எடுத்துப் போனால் என்ன ஆகும்? எனக்கு அந்தக் கவலைதான்.

கடல்காகம்
கடலில் இறங்குவதைப் பற்றி நான் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகள் போகிறார்கள். தீவைச் சுற்றிப் பெரும்பகுதியில் பவளத்திட்டு இருப்பதால் உள்ளே ஆழமில்லாத அமைதியான நீர். ஆனால் திட்டில் இடைவெளி இருக்கும் இடத்தில் தண்ணீர் வெளியே இழுக்கும். எங்கோ தூரத்தில் புயல் இருந்தாலும் அதன் பேரலை இங்கே வந்து சேரும், வானம் நீலமாகவே இருக்கும்போதுகூட. தெற்கே கிரி கிரி கடற்கரையில் திட்டே கிடையாது. பார்க்க அருமையான இடம், கால் நனைக்கக்கூட வேண்டாம். இன்னொன்று, எல்லோருக்கும் தண்ணீரில் போடும் செருப்பு வாங்கிவிடுங்கள். கல்மீன் கல் மாதிரியே கிடக்கும், முள் குத்தினால் வலி தாங்காது.

சிற்றோடை
அவர் கேட்டது இன்சூரன்ஸ். யாரும் அதைத் தொடவே இல்லையே.

மாலைத்தென்றல், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுக்கும் பாலிசியில் அந்தப் புயலுக்கு இழப்பீடு கேட்க முடியாது. அது தெரிந்த ஆபத்து ஆகிவிடும். காற்று மணிக்கு 63 கிலோமீட்டரை எட்டினால் பெயர் வைத்துவிடுவார்கள், அந்த நேரத்தில் அது தீவிலிருந்து மிகத் தொலைவில்கூட இருக்கலாம். எனவே எடுப்பதானால் இப்போதே எடுங்கள். கிளம்பிய பிறகு பெரும்பாலும் எடுக்க முடியாது.

அடுத்து, "பயண ரத்து" என்ற பகுதி பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் எந்தெந்தக் காரணத்துக்கு என்று பட்டியல் இருக்கும். "புயல் வரும் என்று பயந்து நாங்களே போகவில்லை" என்பது அந்தப் பட்டியலில் பொதுவாக இருக்காது. விமானத்தை அவர்களே ரத்து செய்தால் அந்தக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டியது விமான நிறுவனம். ஹோட்டல் பணத்துக்கும் அங்கே கூடுதலாகத் தங்கும் செலவுக்கும்தான் பாலிசி உதவும். தாமதம் எத்தனை மணி நேரத்தைத் தாண்டினால் பணம் தருவார்கள் என்பதையும் பாருங்கள்.

அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இருக்கிறதா? இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். என் மாமியாருக்கு நாங்கள் எழுதாமல் விட்டு, வெளிநாட்டில் ஆஸ்பத்திரி பில் மொத்தமும் கையிலிருந்து போனது.

நங்கூரம்
இதோடு புயல் எச்சரிக்கை நிலைகளையும் தெரிந்துகொள்ளட்டும், அவற்றை வகுப்பு என்பார்கள். மொரிஷியஸில் நான்கு வகுப்பு. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று அடிக்கும் வாய்ப்பிருந்தால் 36 முதல் 48 மணி நேரம் முன்பே முதல் வகுப்பு. அந்தக் காற்றுக்கு முன் 12 மணி நேரப் பகல் வெளிச்சம் மிஞ்சும்படி இரண்டாவது, 6 மணி நேரம் மிஞ்சும்படி மூன்றாவது. அந்தக் காற்று அடிக்கவே தொடங்கிவிட்டால் நான்காவது. சாமான் வாங்குவது, மருந்து எடுத்து வைப்பது, விமான நிறுவனத்தைக் கூப்பிடுவது எல்லாவற்றையும் முதல் வகுப்பிலேயே முடிக்க வேண்டும். புயல் எங்கே போகிறது என்பதற்கு பக்கத்து ரீயூனியன் தீவில் உள்ள பிரெஞ்சு வானிலை மையத்தின் அறிக்கையைப் பாருங்கள். வாட்ஸப்பில் வரும் படங்களை நம்ப வேண்டாம்.

வெண்மணல்
நான் போனது ஒரு முறை பிப்ரவரி, ஒரு முறை ஆகஸ்ட். இரண்டிலும் மேற்கில் ஒரு துளி காற்று இல்லை. என் அனுபவத்தைத்தான் சொன்னேன்.

பயணப்பை
உங்கள் அனுபவம் பொய் என்று நான் சொல்லவில்லை. அதே பிப்ரவரியில் ஒரு குடும்பம் மூன்று நாள் அறைக்குள்ளேயே இருந்திருக்கவும் கூடும். சரி, இதை இங்கேயே விடுவோம்.

மாலைத்தென்றல், மூன்று கேள்வி. உங்கள் ஊரிலிருந்து மொரிஷியஸ் வரை ஒரே டிக்கெட்டா, தனித்தனியா? திரும்பி வந்த மறுநாள் என்ன இருக்கிறது? அம்மாவின் மருந்து எத்தனை நாளுக்கு எடுத்துப் போகிறீர்கள்?

மாலைத்தென்றல்
சென்னை–மும்பை தனி, மும்பை–மொரிஷியஸ் தனி. விலை குறைவாக இருந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, மருந்து ஏழு நாளுக்கு என்று கணக்கு. திரும்பி வந்து இரண்டாம் நாள் பெரியவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு. ஏன் கேட்கிறீர்கள்?

பயணப்பை
அதற்குத்தான் கேட்டேன். புயல் நேராக அடிக்கவே வேண்டாம். விமான நிலையத்தை ஒன்றரை நாள் மூடினால் போதும். காத்திருப்பவர்களையெல்லாம் ஏற்றி முடிக்க இன்னும் சில நாள் ஆகும், பிள்ளை தேர்வுக்கு இருக்க மாட்டாள். எந்தப் பாலிசியும் அந்தத் தேர்வைத் திருப்பித் தராது.

பூசத்தை முதல் நாளில் வைக்காமல் கடைசியில் வையுங்கள். ஐந்து நாள் முன்னதாகக் கிளம்பி, பூசம் பார்த்த மறுநாளே திரும்புங்கள். அம்மாவின் ஆசையும் நிறைவேறும், தேர்வுக்கு முன் ஒரு வாரம் கையில் இருக்கும். ரீஃபண்ட் இல்லாத டிக்கெட்டிலும் பெரும்பாலும் கட்டணம் கட்டித் தேதி மாற்றலாம், கேட்டுப் பாருங்கள். முடிந்தால் இரண்டு விமானத்தையும் ஒரே டிக்கெட்டில் கொண்டுவாருங்கள். தனித்தனியாக இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விடும்போது யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். மருந்து பதினான்கு நாளுக்கு, மருத்துவர் சீட்டோடு, கைப்பையில்.

சிற்றோடை
இதுதான் சரியான வழி. தேர்வு நாளை முதலிலேயே சொல்லியிருந்தால் நாங்களும் இதைத்தான் சொல்லியிருப்போம். ஹோட்டலுக்கு மின்னஞ்சல் அனுப்பி, விமான நிலையம் மூடினால் தேதி மாற்றித் தருவார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் சொல்வது பிறகு நிற்காது.

மாலைத்தென்றல்
தேதியை மாற்றிவிட்டேன். பூசத்துக்கு மறுநாள் திரும்புகிறோம். கட்டணம் கொஞ்சம் போனது, பரவாயில்லை. மும்பை டிக்கெட்டை ஒன்றாக்க முடியவில்லை, அங்கே ஓர் இரவு தங்குகிறோம். அம்மாவின் சர்க்கரையை எழுதியே பாலிசி எடுத்தாயிற்று. எல்லோருக்கும் நன்றி, பயணப்பை அண்ணனுக்குத் தனியாக.

கடல்காகம்
செருப்பு வாங்கினீர்களா?

புதுப்படகு
நாங்களும் அதே பூசத்துக்குப் போகிறோம். எந்த பாலிசி எடுத்தீர்கள்? சர்க்கரைக்குத் தனியாகக் கூடுதல் கட்டணம் கேட்டார்களா? ஹோட்டல் பதில் எழுதியதா? சொன்னால் உதவியாக இருக்கும்.