ஃபோர்க் சீல் மாத்தியும் திரும்ப லீக் ஆகுது

கேள்வி: பைக்ல முன்னாடி ஃபோர்க்ல (முன் சக்கரத்தைப் பிடிக்கிற ஷாக் அப்சார்பர்) வலது பக்கம் ஆயில் கசியுது பாஸ், சீல் (ஆயில் வெளிய வராம தடுக்கிற ரப்பர் வளையம்) மாத்தி ஆயிலும் புதுசா ஊத்தியாச்சு, ஆனா ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்குனா மறுபடி பைப்ல ஆயில் வளையம் நிக்குது. என்னவா இருக்கும்?

பதில்: பைப்பை நல்லா துடைச்சிட்டு நகத்தால மேலருந்து கீழ தடவிப் பாருங்க, சீல் ஓடுற இடத்துல துருப்பொட்டு தட்டுப்பட்டா எத்தனை சீல் போட்டாலும் கிழிச்சிட்டே இருக்கும். சின்ன புள்ளின்னா 2000 நம்பர் எமரி பேப்பர்ல ஆயில் தொட்டு தேய்க்கலாம், குரோம் உரிஞ்சிருந்தா பைப்பே மாத்தணும்.

பதில்: ஆயில் அதிகமா ஊத்தினாலும் இதே கதைதான் ப்ரோ, உள்ள காத்துக்கு இடமில்லாம பிரஷர் ஏறி சீலைத் தள்ளும். மேனுவல்ல சொன்ன அளவு, ரெண்டு பக்கமும் ஒண்ணு போல.

பதில்: டிஸ்க் பிரேக்கும் அந்த வலது பக்கம்தான்னா முதல்ல பிரேக் பேட்ல ஆயில் இறங்கியிருக்கான்னு பாருங்க, இறங்கியிருந்தா பேடை மாத்தாம வண்டிய எடுக்காதீங்க.