ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூம்ல மைக்ரோகிரீன்ஸ், லெட்யூஸ் வளர்க்க எந்த எல்இடி வாங்குறது?

வேளச்சேரி_வாசி:
வணக்கம் மக்களே, ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இப்ப தான் முதல் தடவை கேக்குறேன். வேளச்சேரில அப்பார்ட்மெண்ட், ரெண்டாவது மாடி. மொட்டை மாடில தொட்டி வைக்க அசோசியேஷன் விட மாட்டேங்குது, ஒழுகுதாம், அத பேசுனா சண்டைல தான் முடியும் விடுங்க. வீட்டுக்குள்ள 8க்கு 6 அடில ஒரு ஸ்டோர் ரூம் இருக்கு, பழைய பேப்பரும் அட்டைப்பெட்டியும் தான் கிடந்துச்சு, காலி பண்ணி ஒரு இரும்பு ரேக் போட்டுட்டேன், 4 அடி நீளம் 2 அடி அகலம் மூணு தட்டு. ஜன்னல் கிடையாது, எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் இருக்கு, ஏசி இல்ல.

பிளான் என்னன்னா ஒரு தட்டுல மைக்ரோகிரீன்ஸ் (முளைச்ச கொஞ்ச நாள்லயே அறுக்குற குட்டிக் கீரை), ஒரு தட்டுல லெட்யூஸ் (சாலட் இலை, மண்ணு இல்லாம தண்ணில), முடிஞ்சா மூணாவதுல செர்ரி தக்காளி. லைட் விஷயத்துல தான் மண்டை காயுது. ஆன்லைன்ல 1,800 ரூபாய்க்கு "1000 வாட்ஸ்"னு ஊதா கலர் லைட் வருது. நம்ம ஏரியா எலக்ட்ரிக்கல் கடைக்காரர் சாதா எல்இடி டியூப் போதும் தம்பிங்குறார். யூடியூப்ல பாத்தா எல்லாரும் குவாண்டம் போர்டு (குட்டி குட்டி எல்இடி நெருக்கமா பதிச்ச தட்டைப் பலகை) குவாண்டம் போர்டுன்னு சாமியாடுறாங்க. பட்ஜெட் 10,000. கரண்ட் ஏற்கனவே ரெண்டு மாசத்துக்கு 420 யூனிட் பக்கம் ஓடுது, அதனால வீட்டம்மா பெர்மிஷனும் பாதி தான் கிடைச்சிருக்கு. எத வாங்குறது?

முள்ளங்கி_முளை:
கோயமுத்தூர்லங்க, மூணு வருசமா மைக்ரோகிரீன்ஸ் மட்டும் போட்டுட்டு இருக்கேன். அந்த ஊதா லைட் வேண்டவே வேண்டாங்க. நானும் முதல்ல "600 வாட்ஸ்"னு ஒண்ணு வாங்கி பிளக்குல சொருகுற பவர் மீட்டர் வெச்சுப் பாத்தேன், 62 வாட்ஸ் தான் இழுக்குது. அட்டைல போடுற நம்பர் உள்ள இருக்குற எல்இடி ஒவ்வொண்ணும் தாங்கக்கூடிய உச்சபட்ச வாட்ஸைக் கூட்டி எழுதுறதுங்க, சுவத்துல இருந்து இழுக்குற கரண்ட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. விவரத்துல "ஆக்சுவல் பவர்"னு எங்கயாவது பொடி எழுத்துல போட்டிருப்பாங்க, அத மட்டும் பாருங்க.

இன்னொரு தொந்தரவு, அந்த வெளிச்சத்துல செடி என்ன கலர்ல இருக்குன்னே தெரியாதுங்க. இலை மஞ்சளாகுதா, அடில பூஞ்சை வருதா, அசுவினி ஒக்காந்திருக்குதா ஒண்ணும் தெரியாது, எல்லாம் கருப்பா தெரியும். ரெண்டு ட்ரே முழுசா அழுகுனதுக்கு அப்புறம் வாசனைய வெச்சுத் தான் கண்டுபிடிச்சேன். இப்ப 20 வாட்ஸ் 4 அடி வெள்ளை எல்இடி பேட்டன் (ஃபிட்டிங்கோட வர்ற டியூப்) தான், ஒரு தட்டுக்கு நாலு. கடைக்காரர் சொன்னது மைக்ரோகிரீன்ஸ் வரைக்கும் சரிங்க.

சால்டரிங்_சாமி:
தம்பி, மதுரைல எல்இடி லைட் அசெம்பிள் பண்ற சின்ன பட்டறை வச்சிருக்கேன், அதனால கொஞ்சம் கணக்காவே சொல்றேன், பொறுமையா படிங்க.

வாட்ஸ்ங்குறது செலவு, வெளிச்சம் இல்ல. லூமன்ஸ்ங்குறது மனுசக் கண்ணுக்கான அளவு, நம்ம கண்ணுக்கு பச்சை தான் தூக்கலா தெரியும்ங்குறதால அதுக்கு அதிக மார்க் போட்டு அளக்குறது. செடிக்கு 400ல இருந்து 700 நானோமீட்டர் வரைக்கும் உள்ள ஒளி எவ்வளவு விழுதுன்னு தான் கணக்கு, ஒரு சதுர மீட்டர்ல ஒரு செகண்டுக்கு எத்தனை மைக்ரோமோல்னு (ஒளித்துகளை எண்ணுற அளவு) சொல்லுவாங்க, அதுக்குப் பேரு பிபிஎஃப்டி. அதுக்கு தனி மீட்டர் வாங்கணும்னா உங்க பட்ஜெட்டே போயிரும். வெள்ளை எல்இடிக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு, லக்ஸ் மீட்டர்ல (ஒரு சதுர மீட்டர்ல எத்தனை லூமன்ஸ் விழுதுன்னு காட்டுறது) வர்ற நம்பரை 70ஆல வகுத்தா ஏறக்குறைய வந்துரும். ஊதா லைட்டுக்கு இந்த வழி செல்லாது.

இப்ப உங்க தட்டுக்கு வருவோம். 4க்கு 2 அடின்னா 0.74 சதுர மீட்டர். 20 வாட்ஸ் டியூப் ஒண்ணு 2,000 லூமன்ஸ்னு வைங்க, நாலு டியூப் 8,000. அதுல மூணுல ஒரு பங்கு வெளில சிதறிரும். மிச்சத்தை பரப்பளவால வகுத்தா 7,200 லக்ஸ், 70ஆல வகுத்தா 100 மைக்ரோமோலு சொச்சம். மைக்ரோகிரீன்ஸுக்கு இது போதும், கோவைக்காரர் சொன்னது அனுபவத்துல வந்தது, கணக்கும் ஒத்துப்போகுது.

லெட்யூஸுக்கு 200 வேணும். அதை 16 மணி நேரம் எரிச்சா ஒரு நாளைக்கு சதுர மீட்டருக்கு 11.5 மோல் (பத்து லட்சம் மைக்ரோமோல் ஒரு மோல்) சேரும், லெட்யூஸ் தேறி வர்றதுக்கு 12க்கு பக்கத்துல இருக்கணும். டியூப்ல இத கொண்டு வரணும்னா எட்டு டியூப், 160 வாட்ஸ். அதே வெளிச்சத்தை நல்ல போர்டு 75 வாட்ஸ்ல குடுத்துரும், ஏன்னா சாதா டியூப் ஒரு வாட்ஸுக்கு 1.4 மைக்ரோமோல் பக்கம் குடுக்கும், சாம்சங் எல்எம்301 மாதிரி சிப் போட்ட போர்டு 2.5ல இருந்து 3 வரைக்கும் குடுக்கும். நான் போர்டு விக்கிறவன் இல்ல, அதனால நம்பலாம்.

செர்ரி தக்காளிய மறந்துருங்க. அதுக்கு 400 மைக்ரோமோலுக்கு மேல வேணும், அந்த கரண்ட் செலவுக்கு சந்தைல வருசம் பூரா தக்காளி வாங்கலாம். வெளில வெயில்ல உச்சி நேரத்துல 2,000 மைக்ரோமோல் ஓசில கொட்டுது, நம்ம ஹால்ல டியூப் லைட் வெளிச்சத்துல நாலோ அஞ்சோ தான் தேறும். ஆனா நம்ம கண்ணுக்கு ரெண்டும் "வெளிச்சமா தான இருக்கு"ன்னு தோணும், அதுல தான் எல்லாரும் ஏமாறுறாங்க.

ஊதா பத்தி ஒரு வார்த்தை. சிவப்பும் நீலமும் மட்டும் போதும்னு சொல்றதுல பாதி நிஜம் இருக்கு, 660 நானோமீட்டர் சிவப்பு எல்இடி நல்ல திறன் உள்ளது, பெரிய பெரிய உள்ளரங்க பண்ணைகள்ல வச்சிருக்காங்க. ஆனா பச்சை ஒளிய செடி வேஸ்ட் பண்ணிருதுங்குறது தப்பு. 1970கள்லயே மெக்ரீன்னு ஒருத்தர் 22 வகை பயிர்ல அளந்து பாத்து பச்சையும் நல்லாவே வேலை செய்யுதுன்னு காட்டிட்டார். ஆக கலர்ல குறை சொல்லல, 1,800 ரூபாய்க்கு வர்ற அந்த சாமான்ல தான் குறை.

ஸ்காபரோ_கறிவேப்பிலை:
நான் கனடாவில இருந்து எழுதுறன். இஞ்ச கறிவேப்பிலைக் கண்டை ஒக்டோபர் முடியிறதுக்கு முன்னம் உள்ளுக்க எடுத்து வைக்காட்டி பட்டுப்போகும், டிசம்பர் மாசம் பகல் 9 மணித்தியாலம் தான், அதிலயும் பாதி நாள் மூட்டம். முதல் வருசம் நானும் ஊதா லைட் தான் வாங்கினனான். ராவில யன்னலால முழுத் தெருவுக்கும் தெரிஞ்சு, முன்வீட்டுக்காரர் சிரிச்சுக்கொண்டே கஞ்சா வளக்கிறியளோ எண்டு கேட்டவர். 2018ல இருந்து இஞ்ச நாலு கண்டு வீட்டில வளக்கச் சட்டம் விடுது, அதால ஒருத்தரும் பொலிசைக் கூப்பிடேல்ல, ஆனா எனக்கு வெக்கமாப் போச்சு. இப்ப வெள்ளை லைட் தான், இலையும் நல்லா வருது. எங்களுக்கு லைட் சூடு நல்லது, வீடு குளிர் தானே. உங்கட சென்னையில அது மற்றப் பக்கமா அடிக்கும் எண்டு நினைக்கிறன்.

வேளச்சேரி_வாசி:
அண்ணே கணக்குக்கு ரொம்ப நன்றி, இப்படி யாரும் சொன்னதில்ல. நானும் உக்காந்து கரண்ட் கணக்கு போட்டேன். மைக்ரோகிரீன்ஸ் தட்டு 80 வாட்ஸ், 14 மணி நேரம், ரெண்டு மாசத்துக்கு 67 யூனிட். லெட்யூஸ் போர்டு 75 வாட்ஸ், 16 மணி நேரம், 72 யூனிட். ஏதோ ஒண்ணு மட்டும்னா 500க்குள்ள நிக்குது, ரெண்டும் போட்டா 559. 500 தாண்டுனா 501ல இருந்து ரேட் ஏறும், 500க்குள்ள இருந்தா கிடைக்குற சலுகையும் போயிடும், ஆக அந்த கடைசி 59 யூனிட் பேருக்கு தான் 59. இதுல ரூம் சூடு வேற. எல்இடி தான் சூடாகாதே, அது ஒரு பிரச்சினையா?

சால்டரிங்_சாமி:
யாரு சொன்னா சூடாகாதுன்னு? பழைய குண்டு பல்பு மாதிரி முன்பக்கம் சுடாது, அவ்வளவு தான். 80 வாட்ஸ் உள்ள போனா கடைசில 80 வாட்ஸும் அந்த ரூம்ல சூடா தான் நிக்கும். சும்மா உக்காந்திருக்க ஒரு ஆளு உடம்புல இருந்து கிட்டத்தட்ட 100 வாட்ஸ் சூடு வரும், அப்ப உங்க ஸ்டோர் ரூம்ல எப்பவும் ஒருத்தர் கதவ சாத்திட்டு உக்காந்திருக்க மாதிரி வச்சுக்கங்க, ரெண்டு தட்டுன்னா ரெண்டு பேரு. அதனால பகல்ல எரிக்காதீங்க. சாயங்காலம் 6 மணிக்கு போட்டு காலைல 8 மணிக்கு அணையுற மாதிரி டைமர் வைங்க, எக்ஸாஸ்ட் கூடவே ஓடட்டும். செடிக்கு ராத்திரி பகல் நம்ம சொல்றது தான்.

முள்ளங்கி_முளை:
சூடுன்னு வந்ததால சொல்றேங்க, லெட்யூஸ் குளுகுளுன்னு இருந்தா தான் ஆகும். 30 டிகிரி தாண்டிப் போச்சுன்னா தண்டு விட்டு மேல நீளும், இலை கசக்கும், தண்ணில வெச்சிருந்தா தண்ணி சூடாகி வேர் பழுப்பாகி அழுகும். எங்கூர்லயே பங்குனி சித்திரைல விட்டுடுவேன். ஏசி இல்லாத சென்னை ரூம்ல மார்கழி தை ரெண்டு மாசம் ஆசைக்கு போட்டுக்கலாம், அதுக்குப் போய் போர்டு வாங்கோணுமான்னு யோசிச்சுக்கங்க.

மைக்ரோகிரீன்ஸ்ல இருந்து ஆரம்பிங்க. முள்ளங்கி, கடுகு, வெந்தயம். மருந்து தடவாத விதையா பாத்து வாங்கோணும், நடவுக்கு விக்கிற விதைல மருந்து இருக்கும். தூவி மூணு நாள் இருட்டுல, மேல இன்னொரு ட்ரே கவுத்தி வெயிட் வெச்சு, அப்புறம் லைட்டுக்கு. ஒரு வாரம் பத்து நாள்ல அறுவடை. லைட் செடிக்கு ஒரு அடி உசரத்துல இருந்தா போதும். ரேக்கோட மூணு பக்கமும் வெள்ளை போர்டு வெச்சு அடைங்க, சிதறுற வெளிச்சம் திரும்பி வரும். சிலர் சமையல் ஃபாயில் ஒட்டுறாங்க, அது கசங்கி அங்கங்க திட்டு திட்டா அடிக்கும், மேட் வெள்ளை பெயிண்டே தேவலைங்க.

சால்டரிங்_சாமி:
முக்கியமானத விட்டுட்டேன். இரும்பு ரேக், மேல கரண்ட், கீழ தண்ணி. ரேக்குக்கு எர்த் குடுங்க, அந்த லைன்ல ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே லைனை வெட்டி விடுற சுவிட்ச்) இருக்கான்னு பாருங்க, இல்லன்னா முதல்ல அத போடுங்க அப்புறம் விதை வாங்கலாம். ஒயர் பிளக்குக்கு வர்றதுக்கு முன்னாடி கொஞ்சம் கீழ தொங்கி மேல ஏறணும், அப்ப தான் ஒயர் வழியா வழியுற தண்ணி பிளக்குக்குள்ள போகாம கீழயே சொட்டிரும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை தரைல போடாதீங்க.

டியூப் 6500 கே (பளிச்சுனு நீலம் கலந்த வெள்ளை) வாங்குங்க, 4000 கேன்னு (கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளை) தேடி அலைய வேணாம், மைக்ரோகிரீன்ஸுக்கு பெரிய வித்தியாசம் தெரியாது.

வேளச்சேரி_வாசி:
மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சிடுங்க. பேட்டன் நாலு, டைமர், ஆர்சிசிபி, எலக்ட்ரீஷியன் கூலி எல்லாம் சேத்து 5,000 தாண்டல. லெட்யூஸ் மார்கழிக்கு தள்ளி வச்சாச்சு, தக்காளிக்கு இரங்கல் தெரிவிச்சாச்சு. லக்ஸ் மீட்டர் ஆப் வச்சுப் பாத்தா நடுவுல 8,100, மூலைல 4,900. அதனால தினம் ட்ரேய இடம் மாத்தி வைக்கிறேன், வீட்டம்மா நான் பொம்மை வச்சு விளையாடுறேன்னு சொல்றாங்க.

ஒரு சந்தேகம். முள்ளங்கி போட்டு நாலாவது நாள், தண்டுக்கு அடில வேர்ல வெள்ளையா பஞ்சு மாதிரி படர்ந்திருக்கு. பூஞ்சையா? தூக்கிப் போட்டுடவா?

முள்ளங்கி_முளை:
தூக்கிப் போடாதீங்க! தண்ணி ஸ்ப்ரே பண்ணிப் பாருங்க. வேர்த்தூவியா (வேர்ல இருக்குற மெல்லிசு முடி) இருந்தா நனைஞ்சதும் வேரோட ஒட்டிட்டு காணாம போயிடும். பூஞ்சைன்னா சிலந்தி வலை மாதிரி விதை மேலயும் தாவி நிக்கும், வாடையும் அடிக்கும். ஊதா லைட்டா இருந்தா இந்தக் கேள்வியே கேட்டிருக்க மாட்டீங்க, கண்ணுலயே பட்டிருக்காதுங்க.

வேளச்சேரி_வாசி:
ஸ்ப்ரே பண்ணேன், ரெண்டு நிமிஷத்துல காணோம். வேர் தான். இதுக்குள்ள ஒரு ட்ரேய குப்பைல கொட்டிட்டேன்ங்குறத வீட்ல யாரும் சொல்லிடாதீங்க.