2025 சீசன் முடிவில் லூனாவுக்கு 33 வயது: கேரளா பிளாஸ்டர்ஸில் யார் இருக்கட்டும், யார் போகட்டும்?

தூத்தூர்_பத்தாம்நம்பர்:
ஐஎஸ்எல் கால்பந்து லீக்கின் 2024-25 சீசன் முடிந்தது. 24 ஆட்டம், 29 புள்ளி, எட்டாவது இடம். புது கோச் டேவிட் கட்டாலா வந்தார், சூப்பர் கப்பில் ஈஸ்ட் பெங்காலை 2-0 என்று வென்றோம், அன்று ராத்திரி எங்கள் கடற்கரையில் வெடி வைத்தார்கள். ஆறே நாளில் மோகன் பகான் 2-1 என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அதுவும் அவர்களுடைய பெரிய வெளிநாட்டுக்காரர்கள் இல்லாமல். முதல் கோல் யார் அடித்தது தெரியுமல்லவா? சகல் அப்துல் சமத். நாம் வளர்த்து, நாமே கொடுத்த பையன்.

ஜூன் 1 வந்தால் எங்கள் ஊர் போட்டெல்லாம் கரையேறும். மீன்பிடித் தடைக்காலம் முழுக்க இதே பேச்சுதான் ஓடும், அதனால் இங்கேயே ஆரம்பிக்கிறேன். என் கணக்கு: கேப்டன் லூனா, வெளிநாட்டு முன்வரிசைக்காரர்கள் நோவா சதாவி, ஹிமெனெஸ், நம் இளம் பையன்கள் விபின் மோகனன், கோரோ சிங் இருக்க வேண்டும். இன்னொரு வெளிநாட்டு முன்வரிசைக்காரர் பெப்ரா போகலாம். கோல்கீப்பர் விஷயம் தனிச் சண்டை, அப்புறம் பேசுவோம். மற்றவர்களுக்கு நல்ல விலை வந்தால் கொடுக்கலாம், மாற்றிக்கொள்ளலாம். லூனா பெயரை மட்டும் யாரும் தொடக் கூடாது.

கொழிஞ்சாம்பாறை_பேக்:
தொடத்தான் போகிறேன், அண்ணா. டீமில் வெளிநாட்டுக்காரர் ஆறு பேர், களத்தில் நான்கு பேர். அந்த நான்கு இடத்தில் ஒன்றை 33 வயதுக்காரருக்கு 2027 வரை எழுதிக் கொடுத்திருக்கிறோம். 2023 டிசம்பரில் முழங்கால் ஆபரேஷன், திரும்பி வர ஏப்ரல் ஆகிவிட்டது. அடுத்த சீசன் ஆரம்பத்திலேயே டெங்கு. மனுஷன் தங்கம், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் 35 வயதில் அவர் நடுக்களத்தில் ஓடுவார் என்று நம்பி ஒரு டீம் கட்ட முடியுமா? இப்போது கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே அனுப்பிவிடலாம். விபினுக்கு இடம் கொடுங்கள். எங்கள் பாலக்காட்டுப் பையன் என்பதால் சொல்லவில்லை. (சரி, கொஞ்சம் அதனாலும்தான்.)

தூத்தூர்_பத்தாம்நம்பர்:
காயத்தை வைத்து ஆளை எடைபோடாதீர்கள், தம்பி. எங்கள் பக்கத்து ஊர் இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ், 2020 நவம்பரில் மோகன் பகானுக்காக ஆடும்போது சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய் உட்கார்ந்தார். எதிரே ஆடியது நம் பிளாஸ்டர்ஸ்தான். அன்று இந்தக் கரையில் டிவி பார்த்தவர்களுக்கு எந்த டீமுக்குக் கை தட்டுவது என்றே தெரியவில்லை. முழங்கால் போவது ஆட்டக்காரன் செய்த குற்றமா?

லூனா அடிபட்டதும் என்ன ஆனது என்று பாருங்கள். 2023 கிறிஸ்துமஸ் நேரத்தில் முதல் இடத்தில் இருந்த டீம் கடைசியில் ஐந்தாவது.

கொழிஞ்சாம்பாறை_பேக்:
பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்குகிறீர்கள். லூனா அடிபட்ட பிறகுதான் டிசம்பர் 24-ல் கொச்சியில் மும்பையை 2-0, மூன்று நாள் கழித்துக் கொல்கத்தாவில் மோகன் பகானை 1-0 வென்றோம். இரண்டிலும் லூனா இல்லை. இரண்டிலும் கோல் அடித்தவர் அப்போதைய ஸ்ட்ரைக்கர் டியமன்டகோஸ். நீங்கள் சொல்லும் முதல் இடம் லூனா இல்லாமல் வந்தது! டீம் சரிந்தது ஜனவரிக்குப் பிறகு, பெப்ராவும் அடிபட்ட பிறகு. நீங்கள் 'போகலாம்' என்று எழுதிய அதே பெப்ரா.

மூணாறு_எஸ்டேட்7:
இரண்டு பேரும் 2023-லேயே நிற்கிறீர்கள். நான் இந்த ஜனவரி 30-க்குச் சென்னை நேரு ஸ்டேடியத்தில் இருந்தேன். மூணாறிலிருந்து இறங்கி, தேனியில் பஸ் மாறி, ராத்திரி முழுக்கத் தூங்காமல் போனேன். சென்னையின் எஃப்சியை 3-1 என்று வென்றோம். ஹிமெனெஸ், கோரோ, பெப்ரா ஆளுக்கு ஒன்று. கோரோவுக்கு 18 வயது, அந்த வேகத்தை டிவியில் பார்த்தால் புரியாது.

ஆனால் எனக்கு மறக்காதது வேறு. ஜெயித்துக்கொண்டிருக்கிற ஆட்டத்தில் லூனாவும் நோவாவும் நேருக்கு நேர் நின்று கத்திக்கொண்டார்கள். நோவா பாஸ் கொடுக்காமல் தானே அடிக்கப் போனார், கேப்டனுக்குக் கோபம். நடுவில் போய்ப் பிரித்துவிட வேண்டியிருந்தது. கேலரியில் என் பக்கத்தில் இருந்த சென்னைக்காரர், 'உங்களுக்கு எதிரி டீமே தேவையில்லை' என்றார். நான் நோவா பக்கம்தான். பந்தை வாங்கிக்கொண்டு ஒற்றையாளாய் மூன்று பேரைத் தாண்ட நம் டீமில் வேறு யார் இருக்கிறார்? அவரை 'பாஸ் கொடு, பாஸ் கொடு' என்று கட்டிப்போட்டால் கோவாவிலிருந்து எதற்குக் கூட்டி வந்தோம்?

செங்கோட்டை_மச்சான்:
சென்னையின் எஃப்சி ரசிகன் ஒருவன் மரியாதையாகக் கேட்கிறான்: யாரை வைத்துக்கொண்டு நீங்கள் கோப்பை வாங்கினீர்கள்? எங்களுக்கு 2015, 2017-18 என்று இரண்டு. உங்களுக்கு 2014, 2016, 2022 என்று மூன்று ஃபைனல், மூன்றிலும் தோல்வி. ஆளை மாற்றிப் பார்த்தாயிற்று, இனி ஸ்டேடியத்தை மாற்றிப் பாருங்கள்.

தூத்தூர்_பத்தாம்நம்பர்:
மச்சான், இந்த சீசன் பட்டியலில் எங்களுக்குக் கீழே நின்றுகொண்டு பேசுகிறீர்கள். கழுத்து வலிக்கப் போகிறது.

சாலைபஜார்_கணக்கு:
திருவனந்தபுரம் சாலை பஜாரில் கடை வைத்திருக்கிறேன், எனக்கு வரவு செலவு பார்த்துத்தான் பழக்கம். 2023-ல் சகலை மோகன் பகானுக்குக் கொடுத்தோம், பணமும் பிரீதம் கோட்டலும் வந்தார்கள். இந்த ஜனவரியில் கோட்டலைச் சென்னைக்குக் கொடுத்து பிகாஷ் யும்னத்தை வாங்கினோம். வால் அறுந்த குரங்கு கதைதான். சகல் போச்சு, கோட்டல் வந்தது, டும் டும். கோட்டல் போச்சு, பிகாஷ் வந்தது, டும் டும் டும்.

எல்லோரும் சிரிப்பீர்கள், நான் இதைத் தப்பு என்று சொல்லவில்லை. 21 வயது டிஃபென்டர், இன்னும் பத்து வருஷம் ஆடலாம். தப்பு வேறு இடத்தில். அதே 2023-ல் கோல்கீப்பர் கில்லை விற்றோம். 2024-ல் டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர் ஜீக்சனை விற்றோம். இரண்டும் ஈஸ்ட் பெங்காலுக்கு, இரண்டுக்கும் நல்ல பணம். அந்த இரண்டு இடத்துக்கும் கடையில் சரக்கு வரவில்லை. சச்சின் சுரேஷ் நல்ல பையன், ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராகப் பெனால்ட்டி தடுத்ததை நானே ஸ்டூல் மேல் ஏறி நின்று பார்த்தேன். ஆனால் இந்த சீசன் தொடக்கத்தில் மொத்தப் பாரத்தையும் அவன் தலையில் வைத்தோம். 2024 டிசம்பர் 14 கொல்கத்தாவில் மோகன் பகானோடு ஆடியதை நினைத்துப் பாருங்கள். 2-1 என்று நாம் முன்னால் இருந்தோம், 86-வது நிமிஷம் சமன், இஞ்சுரி டைமில் 3-2. இரண்டு நாள் கழித்து கோச் ஸ்டாரே வீட்டுக்குப் போனார். சரக்கு இல்லாத கடைக்கு மேனேஜரை மாற்றி என்ன பயன்?

கொழிஞ்சாம்பாறை_பேக்:
கணக்கண்ணா, அப்படியென்றால் நீங்களும் என் பக்கம்தானே? லூனாவை விற்ற பணத்தில் ஒரு கீப்பரும் ஒரு டிஃபென்சிவ் மிட்ஃபீல்டரும்.

சாலைபஜார்_கணக்கு:
இல்லை. விற்ற பணம் கீப்பராகத் திரும்பி வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? இத்தனை வருஷமாக அது வராததைத்தானே சொல்கிறேன்.

மூணாறு_எஸ்டேட்7:
2022-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபைனல் வரை கொண்டுபோன வாஸ்குவெஸ், டியாஸ் இரண்டு பேரையும் விட்டோம். வாஸ்குவெஸ் கோவா போய் மங்கிவிட்டார், நல்லவேளை என்றோம். டியாஸ் மும்பை போய் முதல் வருஷமே லீக் பட்டியலில் முதல் இடத்துக்கான ஷீல்டு, அப்புறம் 2024 ஃபைனலில் கோல். யார் மங்குவார், யார் மின்னுவார் என்று முன்கூட்டிச் சொல்கிறவர் இருந்தால் கூப்பிடுங்கள், எங்கள் எஸ்டேட் யூனியன் தேர்தலுக்கும் தேவைப்படுகிறார்.

கொழிஞ்சாம்பாறை_பேக்:
டியாஸை விட்ட பிறகு கிடைத்தவர்தான் டியமன்டகோஸ், 2023-24-ல் 13 கோல், அதிக கோலுக்கான கோல்டன் பூட். ஆக விட்டால் நல்லவர் வரவும் செய்கிறார்!

மூணாறு_எஸ்டேட்7:
அவரையும் விட்டோம். பைசா இல்லாமல்.

கொழிஞ்சாம்பாறை_பேக்:
... அது சரி.

தூத்தூர்_பத்தாம்நம்பர்:
ஒரு விஷயம், யாரும் கோபிக்கக் கூடாது. நம் கிளப் வளர்த்த பையன்களில் சகல் கண்ணூர், விபின் பாலக்காடு, ஐமனும் அசரும் லட்சத்தீவு. எங்கள் நீரோடியைத் தாண்டினால் கேரளத்தின் பொழியூர், அங்கே மணலில் பந்து உதைக்காத வீடு இல்லை. இந்தப் பக்கம் வள்ளவிளை, சின்னத்துறை, இரவிபுத்தன்துறை எல்லாம் அதே மணல், அதே ஆட்டம். நடுவில் ஒரு கோடு இருப்பதால் தமிழ்நாடு என்கிறார்கள், கேரளா கிளப்பின் ஆள் தேடுகிறவர்கள் பொழியூரோடு வண்டியைத் திருப்பிவிடுகிறார்களோ என்று எங்களுக்கு ஒரு சந்தேகம். வாங்குவது விற்பது எல்லாம் பேசுகிறோம், சும்மா கிடைப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை.

சாலைபஜார்_கணக்கு:
அதற்கு லைக் போடுகிறேன். ஆனால் உங்கள் கரையில் கீப்பர் இருக்கிறானா? எல்லாப் பையனும் பத்தாம் நம்பர் ஜெர்சிதான் கேட்கிறான், உங்களைப் போல.

தூத்தூர்_பத்தாம்நம்பர்:
அடிபட்டேன், ஒத்துக்கொள்கிறேன்.

சரி, பட்டியலைத் திருத்துகிறேன். கோரோ, விபின், பிகாஷ் மூவரையும் எந்த விலைக்கும் கொடுக்கக் கூடாது. ஹிமெனெஸ் இந்த லீக்கில் 11 கோல் அடித்தவர், இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டும். நோவா இருக்கட்டும், ஆனால் கேப்டனோடு உட்கார்ந்து ஒரு டீ குடிக்கட்டும். பெப்ராவை 'போகலாம்' என்பதிலிருந்து 'அவரை விட நல்லவர் கையெழுத்துப் போட்ட பிறகு போகலாம்' என்று மாற்றிவிட்டேன். கீப்பர் என்ற இடத்தில் சச்சின் பெயர், பக்கத்தில் பெரிய கேள்விக்குறி. லூனா பெயரைப் பேனாவால் எழுதியிருக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை_பேக்:
பேனாவுக்கு ஒயிட்னர் இருக்கிறது, அண்ணா. ஜூலையில் பார்ப்போம்.