ஹால்ல சுத்தி யாளி வரிசை வைக்கணும், சீலிங் ஓரமா வந்தா சரியா இருக்குமா?

காவிரிக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். திருச்சில வீடு கட்டிட்டு இருக்கோம், பூச்சு வேலை ஓடுது. போன மாசம் பசுபதிகோயில் பக்கத்துல இருக்கிற புள்ளமங்கை கோயிலுக்குப் போனோம். அடில சுவத்த சுத்தி பெல்ட் மாதிரி யாளி வரிசை, மேல கூரை விளிம்புக்குக் கீழ குட்டிக் குட்டி பூதங்க, ஒண்ணு ஆடுது ஒண்ணு வாத்தியம் வாசிக்குது ஒண்ணு நம்மளப் பாத்து பழிப்பு காட்டுது, நகரவே மனசு வரல. அப்படி ஒரு வரிசை ஹால்ல வேணும்னு எனக்கும் வீட்டுக்காரம்மாவுக்கும் ஆசை. இன்டீரியர் பண்றவர் யாளிய எம்டிஎஃப்ல (மரத்தூள் அழுத்தின பலகை) சிஎன்சி கட்டிங், அதான் கம்ப்யூட்டர் மெஷின் வெட்டு, போட்டு சீலிங்க ஒட்டி வச்சிரலாம்ங்கறார். யாளி அவ்ளோ மேல போனா நல்லாருக்குமான்னு டவுட்டு. ஹால் உயரம் 10 அடி. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கல்தச்சன்:
உங்க டவுட்டு நியாயம்தான் சார். சோழர் கோயில்ல எந்த வரி எங்க வரணும்னு ஒரு ஒழுங்கு உண்டு. கோயிலோட அடிப்பீடத்த தாங்குதளம்பாங்க. அது ஜகதி, குமுதம், உள்வாங்கின கண்டம்னு அடுக்கடுக்கா ஏறி முடியுற இடத்துல யாளி வரி வரும். மரத்துல கட்டின காலத்துல தளத்தைத் தாங்கின கட்டைங்களோட முனை வெளிய நீட்டிட்டு இருந்துச்சு, அதுதான் கல்லுல யாளியாச்சுன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. அதாவது அது தரையோட வரி. கபோதத்துக்கு (வளைஞ்சு வெளிய நீட்டின கூரை விளிம்பு) மேலயும் யாளி ஓடுதேன்னு கேப்பீங்க, அங்க அடுத்த தளத்தோட தரை ஆரம்பிக்குது, அதான். கபோதத்துக்குக் கீழ இருக்கிற வலபிங்கற பட்டை பூதங்களுக்கான இடம், சில கோயில்ல அன்னமோ தாமரையிதழோ வரும். மேல இருக்கிற பாரத்த எல்லாம் பூதகணம் சிரிச்சுக்கிட்டே தாங்குற மாதிரி செஞ்சிருப்பாங்க. அதனால சீலிங் ஓரம்னா பூதம், இல்ல அன்னம். யாளி வேணும்னா கீழ கொண்டு வாங்க.

இன்னொண்ணு, அடுத்த தடவ புள்ளமங்கை போனா யாளிக்குக் கீழ கண்டத்துல உக்காந்து பாருங்க, கைக்குள்ள அடங்குற அளவுல ராமாயணக் காட்சிங்க இருக்கு, பாதிப் பேர் பாக்காமலே போயிடறாங்க. தாராசுரத்துல இதையே பெரிசா பண்ணாங்க, கருவறை வெளிச்சுவரோட அடில 63 நாயன்மார் கதையும் வரிசையா ஓடும், மேல யாரு என்னன்னு எழுத்தும் வெட்டியிருக்கு. கதை சொல்ற சிற்பம் கிட்ட நின்னு பாக்கிற உயரத்துல இருந்தாத்தான் கதை.

சுதைவேலை_மதுரை:
மேல சொன்னது கரெக்ட். வேலை செய்றவங்க பக்கத்துல இருந்து நான் சொல்றேன், சிக்கல் எப்பவும் மூலைலதான் வரும். உங்க சுவர் 14 அடின்னா 168 இன்ச், 8 இன்ச் யாளி 21 சரியா உக்காந்துரும். பக்கத்து சுவர் 11 அடின்னா 132 இன்ச், 16 யாளி போக 4 இன்ச் நிக்கும், சிஎன்சி ஆளு யோசிக்காம யாளிய பாதில வெட்டி ஒட்டிட்டுப் போயிருவார், பாக்கவே சகிக்காது. சோழ ஸ்தபதிங்க மூலைல மகரத்தலை (முதலை மாதிரி ஒரு கற்பனை மிருகத்தோட தலை) வச்சு அது வாய்க்குள்ள இருந்து ஒரு வீரன் வெளிய வர்ற மாதிரி முடிச்சாங்கல்ல, அந்த மிச்சத்த எல்லாம் அது வாங்கிக்கும். நீங்களும் மூலைக்குன்னு தனி பீஸ் பண்ணச் சொல்லுங்க, அத அளவுக்கு ஏத்த மாதிரி கூட்டிக் குறைச்சுக்கலாம்.

அப்புறம் எம்டிஎஃப் வெட்டு தட்டையா இருக்கும், எவ்ளோ நல்ல டிசைனும் எடுபடாது. புடைப்பு இருந்தாத்தான் நிழல் விழும், நிழல் விழுந்தாத்தான் உருவம் தெரியும். சுண்ணாம்புச் சுதைல கையால செஞ்சா ரொம்ப அழகு, செலவு ஜாஸ்தின்னா ஒரு யாளிய நல்லா செஞ்சு அச்சு எடுத்து ஜிப்சம்ல வார்த்துக்கலாம். லைட்ட நேரா எதிர்ல அடிக்காதீங்க, சுவத்த ஒட்டி மேல இருந்தோ கீழ இருந்தோ வரணும்.

காரைக்குடி_மீனா:
பட்ஜெட் இடிச்சா ஆத்தங்குடி பார்டர் கல்லையும் (செட்டிநாட்டுத் தரை டைல்ஸ்) யோசிங்கண்ணா. கண்ணாடி மேல கலர் ஊத்தி வார்க்கிறதால தனியா பாலிஷ் போடாமலே பளபளன்னு இருக்கும். தரையில சுவரோரமா ஓட விட்டாலே ஹாலுக்கு அந்த விளிம்பு கெடச்சிரும், மேல ஒரே ஒரு பூத வரி போதும்.

காவிரிக்கரை:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். அப்போ மேல பூதம்னு முடிவு பண்ணிட்டோம், யாளி சாமி ரூம் மேடை விளிம்புல. மேடை ஒண்ணரை அடி உயரம்தான், யாளி எத்தன இன்ச் வைக்கலாம்?

சுதைவேலை_மதுரை:
3 இன்ச்சுக்கு மேல போகாதீங்க சார். மேடைக் கல்லு ஒரு இன்ச்சாவது வெளிய நீட்டி இருக்கட்டும், அப்பதான் யாளி மேல நிழல் விழும், எண்ணெய் வழிஞ்சாலும் அதுமேல இறங்காது.